எரிவது காடா, மண்ணா?

பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே செல்லும் படகிலிருந்து நோக்குவோருக்குக் கொடிமலை தெளிவாகத் தெரிவது வழக்கம். ஆனால் 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில், தென்மேற்குப் பருவக்காற்று வீசிய மாதங்களில், மலேசியாவின் பல பகுதிகளைப் புகைமூட்டம் சூழ்ந்தது. கண் எரிந்தது, மூச்சுத் திணறியது, பல இடங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. “சுமத்திராவில் காடு எரிகிறது” என்று மக்கள் பேசிக்கொண்டனர். அது பாதி உண்மை. அப்புகையின் பெரும்பகுதி மரத்திலிருந்து வந்ததன்று, மண்ணிலிருந்து வந்தது.

மண் எரியுமா என்று மாணவன் கேட்டால் ஆசிரியர் என்ன விடை சொல்வது? எல்லா மண்ணும் எரியாது; ஆனால் எரியும் மண்ணும் உண்டு.

மண் என்பது கல் பொடிந்து உண்டான துகள் மட்டுமன்று. மக்கிய இலையும் வேரும் சிற்றுயிர்களின் உடலும் சேர்ந்த கரிமப் பொருளும் அதில் உண்டு. இதில் நன்கு மக்கிய பகுதியை மட்கு என்பர். பால்மரம் வளரும் மேட்டுநிலச் செம்மண்ணில் கரிமப் பொருள் நூற்றுக்குச் சில பங்கே இருக்கும். எனினும் நீரைப் பிடித்து வைப்பதும், உரச்சத்தை மழை அரித்துச் செல்லாமல் காப்பதும், மண்ணுயிர்களுக்கு உணவாவதும் அதுவே. அதனை மண்ணின் முதல் எனலாம். விளைச்சல் அம்முதலுக்குக் கிடைக்கும் வட்டி.

தீ செய்யும் வேலை

குறிஞ்சி நில மக்கள் காட்டை எரித்துப் புனமாக்கித் தினை விதைத்த செய்தியைச் சங்க இலக்கியம் பயின்றோர் அறிவர். எரித்த நிலத்தில் முதற்பயிர் செழித்து வளரும் என்பது பழைய பட்டறிவு. அதற்குக் காரணமும் உண்டு. மரத்திலும் தழையிலும் அடைபட்டிருந்த சுண்ணாம்பும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சாம்பலாகி ஒரே நாளில் பயிருக்குக் கிடைக்கின்றன. மண்ணின் புளிப்பும் குறைகிறது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஏறக்குறைய 200 பாகை வெப்பத்தில் கரிமப் பொருள் சிதையத் தொடங்கும். 500 பாகையை எட்டினால் பெரும்பாலும் எரிந்துபோகும். தழைச்சத்தின் பெரும்பங்கு புகையோடு போய்விடும். சாம்பல்சத்து சாம்பலில் தங்க, தழைச்சத்து தழையோடு அழிகிறது. தமிழ்ப் பெயர்களே பாடத்தைச் சொல்லிவிடுகின்றன. எஞ்சிய சாம்பலையும் அடுத்த பெருமழை அடித்துச் செல்லும். ஆகவேதான் புனம் உழவர் சில ஆண்டுகளில் நிலத்தை ஆறப்போட்டு வேறிடம் சென்றனர். மேட்டுநிலத்தில் சுடர்விட்டு எரியும் தீ விரைந்து கடந்துவிடும்; அதன் கடுவெப்பம் பெரும்பாலும் சில விரற்கடை ஆழத்துக்கு மேல் இறங்காது. போதிய ஓய்வு கிடைத்தால் அந்நிலம் தேறும்.

இக்கணக்குப் பொருந்தாத நிலங்கள் இரண்டு உண்டு. அங்கே கரிமப் பொருள் மண்ணில் ஒரு சிறு பங்கன்று, அதுவே மண்.

வடபுலத்துக் குளிர்மண்

முதலாவது, கனடா, அலாஸ்கா, சைபீரியா ஆகிய குளிர்நாடுகளின் ஊசியிலைக் காடு. அங்கே இலை விழும். ஆனால் குளிரால் எளிதில் மக்காது. பாசியும் சருகும் வேரும் நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கடுக்காகச் சேரும். பல இடங்களில் அவற்றின் அடியில் கோடையிலும் உருகாத உறைமண் கிடக்கிறது. உறைமண் வட்டாரங்களின் நிலத்தில் உள்ள கரி, வளிமண்டலம் முழுவதிலும் உள்ள கரியைப் போல ஏறத்தாழ இருமடங்கு என்று மதிப்பிட்டிருக்கின்றனர்.

அக்காட்டுக்குத் தீ புதிதன்று. மின்னலால் தீப்பிடிக்கும், மேலடுக்கு எரியும், அடுத்த தீ வருவதற்குள் பாசி மீண்டும் வளர்ந்து இழப்பை ஈடுசெய்துவிடும். இப்போது கோடை வெப்பம் மிகுந்து, தீ அடிக்கடியும் ஆழமாகவும் பற்றுகிறது. முந்திய தீக்குத் தப்பிய பழைய கரியும் இளங்காடுகள் எரியும்போது அழிகிறது என்பதை, கனடாவின் வடமேற்கில் 2014இல் எரிந்த காடுகளை ஆராய்ந்தோர் 2019இல் வெளியிட்டனர். அலாஸ்காவின் அனக்துவுக் ஆற்றங்கரையில் 2007இல் மரமற்ற பனிவெளியே எரிந்தது. ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீட்டர் நிலத்திலிருந்து 20 லட்சம் டன் அளவிற்குக் கரி வெளியேறியது. 2023இல் கனடாவில் எரிந்த பரப்பு ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கும் மேல்.

தீ அணைந்த பின்னும் இழப்பு நிற்பதில்லை. பாசிப்போர்வை உறைமண்ணை வெயிலிலிருந்து காத்து வந்தது. அது எரிந்து தரை கறுத்ததும் வெப்பம் உள்ளே இறங்குகிறது. உறைமண் உருக, அதில் நெடுங்காலம் அடங்கிக் கிடந்த பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தொடங்குகின்றன. சில இடங்களில் மண்ணுக்குள் கனன்ற தீ பனிமூடிய குளிர்காலம் முழுவதும் உயிரோடிருந்து இளவேனிலில் மீண்டும் வெளிப்படுவதும் உண்டு. தீயில் கரியாகிப் போனது மட்டும் எளிதில் சிதையாமல் மண்ணில் நெடுங்காலம் நிற்கும். ஆனால் அது எரிந்ததில் ஒரு சிறு பங்கே.

கரிச்சதுப்பு நிலம்

இரண்டாவது நிலம் வெப்பநாட்டில், மலேசியாவுக்கு அருகிலும் மலேசியாவுக்குள்ளும் இருக்கிறது. மலாய் மொழியில் ‘தானா கம்புட்’ எனப்படும் கரிச்சதுப்பு நிலமே அது. வடபுலத்தில் குளிர் செய்யும் காவலை இங்கே நீர் செய்கிறது. நீரில் மூழ்கிய மரமும் வேரும் காற்றுப் படாமையால் முற்றும் மக்குவதில்லை. அவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பல மீட்டர் ஆழத்துக்குச் சேர்ந்துள்ளன. ஈரமாக இருக்கும்வரை இந்நிலம் எளிதில் எரியாது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் அதுவே விறகாகிவிடும்.

இந்தோனேசியாவின் மத்தியக் கலிமந்தானில் நெல் விளைவிக்கும் பெருந்திட்டத்துக்காக 1996 முதல் 4,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. மறு ஆண்டே கடும் வறட்சி வந்தது. 1997இல் இந்தோனேசியாவில் கரிச்சதுப்பும் அதன்மேலிருந்த காடும் எரிந்ததால் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை கரி வெளியேறியதாக 2002இல் வெளியான ஆய்வு கணித்தது. அது உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரித்து ஓராண்டில் வெளிவிட்ட அளவில் நூற்றுக்கு 13 முதல் 40 பங்கு. நெல் திட்டமோ சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

இத்தீ சுடர்விடாது, மண்ணுக்குள் கனன்று பரவும். முழுமையாக எரியாததால் புகை மிகும். சுடரின் வேகம் இல்லாததால் அப்புகை உயரப் போகாமல் தாழத் தங்கும். மேலே நீர் ஊற்றினால் மட்டும் போதாது; காய்ந்த கரிமண் நீரை எளிதில் ஏற்காது. நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துவதே உறுதியான வழி. சிலாங்கூரின் ராஜா மூசா வனக்காப்பகத்தில் 2008 முதல் வாய்க்கால்களை அடைத்து, நீரைத் தேக்கி, மரம் நடும் பணி ஊராரின் துணையோடு நடந்துவருகிறது.

எரிக்காமல் நடுதல்

தீ வைக்கும் சிறு உழவரை மட்டும் பழித்துப் பயனில்லை. கரிச்சதுப்பின் புளிப்பைச் சாம்பல் குறைக்கிறது. மரத்தை அகற்ற அவரிடம் இயந்திரம் இல்லை. தீப்பெட்டி ஒன்றே மலிவு. ஆனால் அவர் உரமென்று எண்ணுவது மண்ணின் முதலையே செலவிட்ட பணம்.

வேறு வழி உண்டென்பதை மலேசியத் தோட்டத்துறை காட்டியிருக்கிறது. முதிர்ந்த செம்பனைகளைச் சாய்த்துத் துண்டாக்கி, வரிசையாக அடுக்கி மக்கவிட்டு, அவரையினக் கொடிகளைப் படரவிட்டு மறுநடவு செய்யும் முறையை கோல்டன் ஹோப் நிறுவனம் வளர்த்தெடுத்தது. அதற்காக 1992இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு அதனைச் சிறப்பித்தது. 1998இல் மலேசியச் சுற்றுச்சூழல் சட்டம் திருத்தப்பட்டுத் திறந்தவெளி எரிப்பு தடைசெய்யப்பட்டது. 2002இல் ஆசியான் நாடுகள் எல்லை கடக்கும் புகைமூட்டம் பற்றிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்தோனேசியா அதனை 2014இல் உறுதிசெய்தது.

இதனை வகுப்பறையில் விளக்குவதும் எளிது. நன்கு உலர்ந்த செம்மண்ணையும் கரிமண்ணையும் ஒரே எடையில் எடுத்து, ஆசிரியரே திறந்த வெளியில் தகரத்தட்டிலிட்டு நெடுநேரம் சுட்டு, ஆறியபின் மீண்டும் நிறுத்துக் காட்டலாம். செம்மண் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கரிமண் இருந்த தட்டில் எஞ்சுவது ஒரு சிறங்கைச் சாம்பல்தான். எரிந்த காட்டை மரம் நட்டு ஒரு தலைமுறையில் மீண்டும் பார்க்கலாம்; எரிந்த கரிமண் மீண்டும் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். கொடிமலையை மறைக்கும் புகை, திரும்ப நட முடியாத ஒன்று எரிகிறது என்பதன் அடையாளம்.