டிஸ்ட்ரெயின் என்னும் வினைச்சொல்

ஆங்கிலம் கற்கும் நம் இளைஞர்கள் ‘டிஸ்ட்ரெயின்’ என்ற வினைச்சொல்லை அகராதியிற் கண்டு, ‘ஜப்தி செய்’ என்று குறித்துக்கொண்டு அப்பாற் போய்விடுகின்றனர். பொருள் தவறன்று, ஆனால் போதாது. கோர்ட்டார் உத்தரவின்பேரில் சொத்தைக் கட்டுவது ‘அட்டாச்’. தண்டனையாக ஒரேயடியாய்ப் பறிமுதல் செய்வது ‘கான்ஃபிஸ்கேட்’. பாக்கிதாரனை வழிக்குக் கொண்டுவரும் பொருட்டு, கோர்ட்டுப் படியேறாமலே அவனது தட்டுமுட்டுகளையும் ஆடுமாடுகளையும் பிடித்து ஈடாக வைத்துக்கொள்வதே ‘டிஸ்ட்ரெயின்’.

நெருக்குதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வேரினின்று பிறந்தது இச்சொல். துன்பத்தைக் குறிக்கும் ‘டிஸ்ட்ரெஸ்’ஸும், ஜில்லாவைக் குறிக்கும் ‘டிஸ்ட்ரிக்ட்’டும் அதே வேரின. ஜில்லாவும் துன்பமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நாம் சொல்லவில்லை, அகராதி சொல்லுகிறது!

இங்கிலாந்திலே குத்தகை செலுத்தாத குடியானவனின் மாட்டை நிலப்பிரபு பவுண்டில் அடைப்பான். அடைக்கலாமேயன்றி விற்கலாகாது, விற்கும் உரிமை 1689-ம் வருஷத்துச் சட்டத்தால் வந்ததே. பிரபுக்களின் அட்டூழியம் மிஞ்சியபோது, 1267-ல் மார்ல்பரோ சட்டம் அளவுக்கு மிஞ்சிய ஜப்தியைத் தடுத்தது. சூரியன் அஸ்தமித்தபின் குத்தகைக்கு ஜப்தி கூடாது, வெளிக்கதவை உடைத்துப் புகலாகாது என்பவையும் அந்நாட்டு விதிகளே. நிலச்சொந்தக்காரரின் இப்பழைய உரிமை 2014-ல்தான் அங்கு ஒழிந்தது.

நம் நாட்டிற்கு இச்சொல் சட்டப் புத்தகங்களின் வழியே வந்தது. 1864-ம் வருஷத்துச் சென்னை வருவாய் வசூல் சட்டப்படி, தீர்வை பாக்கிக்காகக் கலெக்டர் கோர்ட்டு டிக்ரியின்றியே ஜங்கமச் சொத்தை டிஸ்ட்ரெயின் செய்யலாம். பணம் கேட்பவரும் அவரே, பாக்கி இவ்வளவு என்று தீர்மானிப்பவரும் அவரே! இந்த அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 1928-ல் பம்பாய் மாகாணத்துப் பார்டோலி காட்டிற்று. உயர்த்தப்பட்ட தீர்வையைச் செலுத்த மறுத்த குடியானவர்கள், ஜப்திக்காரருக்கு அஞ்சி எருமைகளுடன் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே கிடந்தனர். நிலங்களும் பறிமுதலாயின, சத்தியாக்கிரகம் வென்றபின் அவை திரும்பக் கிடைத்தன.

ஆதலின் வீட்டு வாயிலில் ஜப்தி என்று எவரேனும் வந்து நின்றால், எந்த வினைச்சொல்லின்பேரில் வந்தீர் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். கோர்ட்டு டிக்ரியுடன் வந்த அமீனாவாயின், 1908-ம் வருஷத்து சிவில் விசாரணைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவைப் படித்துக் காட்டலாம். உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி, உழவனின் கலப்பை, பிழைப்பிற்கு வேண்டிய மாடு, விதைத் தானியம், மத வழக்கப்படி ஸ்திரீ கழற்றலாகாத தாலி ஆகிய இவற்றில் அவர் கை வைக்க முடியாது.