ஆடி உழவுக்கு முன்: பழைய டிராக்டருக்குப் புது பேட்டரி வாங்குகிறீர்களா?

முதல் மழை பெய்த மறுநாள் காலை. கலப்பையை மாட்டியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது, எஞ்சின் அசையவில்லை. நான்கு பேர் தள்ளியும் பயனில்லை. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் ஆடி, ஆவணியில் இப்படி மாட்டிக்கொள்ளாத பழைய டிராக்டர்காரர் குறைவு. செம்மண்ணில் உழவு ஈரம் சில நாள்தான் நிற்கும். அது காய்வதற்குள் ஓட வேண்டும் என்ற அவசரத்தில் கடைக்கு ஓடி, இருப்பதிலேயே பெரிய பேட்டரியை வாங்கி மாட்டிவிடுகிறோம். அடுத்த ஆடியில் அதுவும் படுத்துவிடுகிறது.

இதற்குக் காரணம் நம் சாகுபடி முறையிலேயே இருக்கிறது. கண்மாயை நம்பிய ஒருபோக நெல் நம்முடையது. தை, மாசியில் அறுவடை முடிந்தால், ஆடி வரை டிராக்டருக்குப் பெரிய வேலை கிடையாது. பங்குனி, சித்திரை, வைகாசி என்று வெயில் கொளுத்தும் மாதங்களில் அது கொட்டகையில் சும்மா நிற்கிறது. பேட்டரி உழைத்துத் தேய்வதைவிட, இப்படிச் சும்மா நின்று கெடுவதே நம் பகுதியில் அதிகம்.

உள்ளே நடப்பது என்ன?

நம் டிராக்டர்களில் இருப்பது ஈய-அமில பேட்டரி. 1859-ல் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்தது. அடிப்படை இன்றும் மாறவில்லை: ஈயத் தகடுகள், கந்தக அமிலம், தண்ணீர். ஒரு செல் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறு செல் சேர்ந்தால் 12 வோல்ட் பேட்டரி.

சார்ஜ் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால் படிகமாக இறுகி, பிறகு கரையாது. அந்த அளவுக்குத் தகடு வேலை செய்யாமல் போய்விடும். வெயில் இதை இன்னும் விரைவாக்குகிறது. பேட்டரியின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு.

இந்த அறிவியலுக்கு நம் ஊரிலேயே ஒரு கோயில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (செக்ரி), 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணனால் திறந்து வைக்கப்பட்டது. பேட்டரி ஆய்வு அங்கே முக்கியமான துறை. அந்த ஊர்க்காரர்களான நாம் பேட்டரியைக் கண்மூடித்தனமாக வாங்கலாமா?

வாங்கும் முன் மூன்று சோதனை

குற்றம் பேட்டரியில்தானா என்று முதலில் பாருங்கள். இதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும்.

1. சும்மா நிற்கும்போது: சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி.

2. செல்ஃப் அடிக்கும்போது: ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துப் பாருங்கள். முழு சார்ஜ் உள்ள நல்ல பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகாது. போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. வோல்ட் நன்றாக இருந்தும் எஞ்சின் சுற்றவில்லை என்றால் குற்றம் வயரில், எர்த்தில், சோலினாய்டில் அல்லது செல்ஃபில். பழைய வண்டியில் எர்த் பட்டை துருவேறி நிற்பது மிகச் சாதாரணம். அதைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

3. எஞ்சின் ஓடும்போது: பாதி ஆக்ஸிலேட்டரில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். 13-க்குக் கீழே என்றால் டைனமோவோ ஆல்டர்னேட்டரோ சார்ஜ் கொடுக்கவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் புது பேட்டரி மாட்டினால், பணத்தைக் கண்மாயில் கொட்டுவதுதான்.

தேர்வு செய்யும்போது

வோல்ட்: பெரும்பாலான டிராக்டர்கள் 12 வோல்ட். ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்து வில்லிஸ் ஜீப் போன்ற வண்டிகள் 6 வோல்ட். பழைய பங்களாக்களில் நிற்கும் கார்களிலும் இதைப் பார்க்கலாம். பல்பில் எழுதியிருப்பதைப் படித்து உறுதி செய்யுங்கள்.

எர்த்: இன்று எல்லா வண்டியிலும் நெகட்டிவ் முனைதான் பாடியில் இணைகிறது. பழைய இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனை பாடியில் இருக்கும். பழக்க தோஷத்தில் மாற்றி மாட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு ஒரே நொடியில் போய்விடும். பழைய பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.ஹெச்: 35 குதிரைத் திறன் அளவுள்ள டிராக்டர்களுக்குப் பெரும்பாலும் 75 முதல் 88 ஏ.ஹெச் வரை போதும். கையேட்டில் உள்ள அளவையோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ வாங்கலாம். பெரிய பேட்டரியால் செல்ஃப் எரிந்துபோகாது. ஆனால் பழைய டைனமோ கொடுப்பது குறைந்த ஆம்பியர்தான், அதுவும் ஐடிலிங்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பெரிய பேட்டரி ஒருமுறை இறங்கிவிட்டால், அதை ஏற்றி முடிக்க டைனமோவுக்கு நாள் முழுக்க உழவு வேண்டியிருக்கும்.

அளவும் முனையும்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்துகொண்டு போங்கள். பாசிட்டிவ் முனை இடப்பக்கமா, வலப்பக்கமா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். முனை மாறினால் கேபிள் எட்டாது. பேட்டரி பெட்டியில் ஆடாமல் உட்கார வேண்டும். இறுக்கும் பட்டை இல்லாத பேட்டரியின் தகடுகள் உழவு அதிர்ச்சியில் உதிர்ந்துவிடும்.

மூடி உள்ளதா, மூடியதா: டைனமோவும் பழைய ரெகுலேட்டரும் உள்ள வண்டிக்கு, மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் சாதாரண பேட்டரியே நல்லது. சார்ஜ் ஏறி இறங்கினாலும் தாங்கும். தண்ணீர் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். முழுக்க மூடிய பேட்டரியில் போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. லித்தியம் பேட்டரியைப் பழைய டைனமோ வண்டியில் போட வேண்டாம். அதற்குத் துல்லியமான சார்ஜ் தேவை.

கடையில்: தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். ஆசிட் ஊற்றி சார்ஜ் ஏற்றி வைத்த பேட்டரி என்றால் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.4-க்குக் கீழே இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது அலமாரியிலேயே பாதி ஆயுளைக் கழித்திருக்கும். வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்குங்கள். எத்தனை மாதம் இலவசமாக மாற்றித் தருவார்கள், அதன் பிறகு எத்தனை மாதம் விலையில் கழிவு மட்டும் தருவார்கள் என்று பிரித்துக் கேளுங்கள்.

பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022-ன் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் வைக்கின்றன. ஈயத்துக்கு ஆசைப்பட்டு வீட்டில் உடைக்க வேண்டாம். அந்த ஈயம் மண்ணிலும் கிணற்றிலும் கலந்தால், முதலில் பாதிப்பது குழந்தைகளை.

கோடையில் செய்ய வேண்டியது

அறுவடை வேலை முடிந்ததும் பேட்டரியின் மேல்புறத்தைத் துடைத்து, முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை உப்பை சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவுங்கள். மூடிக்குள் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். பதினைந்து நாளுக்கு மேல் வண்டி நிற்கும் என்றால், பாடியோடு இணைந்த எர்த் வயரைக் கழற்றி வையுங்கள். எப்போதும் அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும்.

மாதம் ஒருமுறை சார்ஜரில் போடுங்கள். ஏ.ஹெச் அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் போதும், 80 ஏ.ஹெச் பேட்டரிக்கு 8 ஆம்பியர். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. சார்ஜர் இல்லாதவர்கள் வண்டியை ஐந்து நிமிடம் உறும விட்டு நிறுத்துவதால் பயனில்லை. அரை மணி நேரத்துக்குக் குறையாமல், நல்ல வேகத்தில் ஓட்டுங்கள்.

வாசகர் கேள்வி

கேள்வி: பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் ஆசிட் ஊற்றலாமா? முற்றத்தில் பிடித்த மழைநீர் ஊற்றலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. மேலும் ஊற்றினால் தகடுகளை அரித்துவிடும். மழைநீர் குடிக்க நல்லது. ஆனால் ஓட்டில் உள்ள தூசியும் உப்பும் அதில் கலந்திருக்கும். காய்ச்சி வடித்த டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை டிராக்டரில் போடலாமா?

பதில்: ஒரு நாள் அவசரத்துக்குக் கிளப்பலாம். நிரந்தரமாக வேண்டாம். டியூபுலர் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக நெடுநேரம் மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டது. செல்ஃபுக்குச் சில நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். உழவு அதிர்ச்சியையும் அது தாங்காது.

கேள்வி: சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்கிறார்களே?

பதில்: பழைய ரப்பர் பெட்டி காலத்துப் பேச்சு அது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது. எங்கே வைத்தாலும் பேட்டரி தானாகவே மெல்ல இறங்கும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால், ஆடியில் மழை பெய்த மறுநாள் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பும்.