புதுக்கருவியும் அரசாங்கக் கொள்வனவும்



கொல்லன் உலையில் ஏர்க்கொழுவும் பிறக்கிறது, வாளும் பிறக்கிறது. வெள்ளத்தில் அகப்பட்டோரைத் தேடிச்செல்லும் ஆளில்லா விமானம், படையினருக்காக எல்லையையும் வேவு பார்க்கும். குடிமக்களுக்கும் படையினருக்கும் ஒருங்கே உதவும் இத்தகைய பொருள்களை இருபயன் பொருள்கள் என்பர். இவற்றை ஆக்கும் சிறு தொழிலகம் தன் சொந்த நாட்டின் பாதுகாப்புப் பகுதிக்கு அவற்றை விற்பது எளிதன்று. அஃது ஏன் என்பதையும், அவ்வழியை எவ்வாறு செப்பனிடலாம் என்பதையும் ஒரு வரலாற்று நிகழ்ச்சியைக் கொண்டு நோக்குவோம்.

அமெரிக்காவில் டேற்றன் நகரிலே துவிச்சக்கர வண்டிக் கடை நடாத்திய வில்பர் றைற், ஓர்வில் றைற் என்னும் சகோதரர், 1903 டிசெம்பர் 17ஆம் நாள் தாம் ஆக்கிய விமானத்திற் பறந்தனர். இது யாவரும் அறிந்தது. அதன்பின் நடந்ததைப் பலர் அறியார். 1905 ஜனவரியில், விமானத்தை அரசாங்கத்துக்கு விற்க முன்வந்து, தம் பகுதிக் காங்கிரஸ் உறுப்பினர் வாயிலாக எழுதினர். யுத்த இலாகாவின் மறுமொழி யாது? பரிசோதனைக்குப் பணம் கொடுப்பதற்கில்லை என்பதே! அவர்கள் அத்தகைய உதவியைக் கேட்கவேயில்லை. அவ்வாண்டு ஒக்ரோபர் 5ஆம் நாள் வில்பர் ஒரே பறப்பில் 24 மைல் கடந்தார். மீண்டும் எழுதினர். இலாகா வரைபடங்களைக் கேட்டது. ஒப்பந்தம் இன்றி இரகசியத்தை வெளியிடச் சகோதரர் இசைந்தாரல்லர்.

இலாகாவை மாத்திரம் குறைகூறுதல் நீதியன்று. சாமுவேல் லாங்லி என்னும் அறிஞரின் பறக்கும் இயந்திரத்துக்கென 1898இல் அது 50,000 டொலர் அளித்திருந்தது. றைற் சகோதரர் பறப்பதற்கு ஒன்பது நாள் முன்னர் அவ்வியந்திரம் பொற்றோமாக் ஆற்றில் வீழ்ந்தது. பத்திரிகைகள் எள்ளி நகைத்தன. சூடுகண்ட பூனை அடுப்பங்கரையை அணுகுமா? பொதுப்பணத்தைக் காப்பவனுக்கு ஏமாற்றப்படுவோமோ என்ற அச்சம். புதியது கண்டவனுக்குத் தன் உழைப்புக் களவு போய்விடுமோ என்ற அச்சம். இரண்டும் நியாயமானவையே. இவற்றுக்கிடையில் ஆண்டுகள் கழிந்தன. சகோதரர் பிரான்சு முதலிய பிறநாடுகளோடு பேரம்பேசத் தலைப்பட்டனர்.

1907 டிசெம்பர் 23ஆம் நாள் அமெரிக்கச் சமிக்ஞைப் படை வெளியிட்ட ஓர் அறிவித்தலே இம்முடிச்சை அவிழ்த்தது. விமானத்தை எப்படிக் கட்டவேண்டும் என்று அது கூறவில்லை. விமானம் என்ன செய்யவேண்டும் என்றே கூறிற்று. இருவரைச் சுமக்கவேண்டும், மணிக்கு 40 மைல் செல்லவேண்டும், ஒரு மணிநேரம் இடையறாது பறந்து பழுதின்றி இறங்கவேண்டும். விரும்பிய எவரும் விலை கூறலாம். 40 மைலுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மைலுக்கும் விலையில் நூற்றுக்குப் பத்து கூட்டப்படும்; குறைந்தால் அவ்வாறே கழிக்கப்படும். றைற் சகோதரர் கேட்ட விலை 25,000 டொலர். 1908 பெப்ரவரியில் ஒப்பந்தமாயிற்று.

அவ்வாண்டு செப்டெம்பர் 17ஆம் நாள், வேர்ஜீனியாவிலுள்ள போட் மையரில் நடந்த சோதனையின்போது விமானம் வீழ்ந்தது. லெப்டினன்ட் தோமஸ் செல்பிரிட்ஜ் உயிர் நீத்தார், ஓர்வில் படுகாயமுற்றார். படையினர் ஒப்பந்தத்தைக் கிழித்தெறியவில்லை; சோதனையைத் தளர்த்தவுமில்லை. தவணையை நீட்டினர். 1909 ஜூலையில் திருத்திய விமானம் 42 மைலுக்கு மேற்பட்ட வேகத்தை எய்தியது. இரு மைலுக்குரிய வெகுமதியோடு 30,000 டொலர் வழங்கப்பட்டது.

இந்நெறியின் சாயலைப் பிற்கால முயற்சிகளிலும் காணலாம். 2015இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சு, இளந்தொழிலகங்கள் நிறைந்த கலிபோர்னியாவின் சிலிக்கன் பள்ளத்தாக்கிலேயே ஓர் அலுவலகத்தைத் திறந்தது. அது தன் தேவையைச் சுருக்கமாய் அறிவிக்கும். தொழிலகம் சில பக்கங்களில் விடை தரும். முதலில் மாதிரி ஒன்றுக்கு மட்டும் ஒப்பந்தம். அது வெற்றிபெற்றால் பெருந்தொகைக் கொள்வனவு. 2018 ஏப்ரலில், சென்னைக்கு அண்மையிலுள்ள திருவிடந்தையில் நிகழ்ந்த பாதுகாப்புக் கண்காட்சியிலே இந்திய அரசும் இளந்தொழிலகங்களுக்கென இத்தகைய திட்டமொன்றைத் தொடக்கியது.

சிறு தொழிலகத்துக்குச் சலுகை காட்டுவதன்று உண்மையான உதவி. தேவையைத் தெளிவாக உரைத்தல், வாயிலை எல்லோர்க்கும் திறந்துவைத்தல், கண்முன் சோதித்தல், சோதனையில் தேறியதற்குத் தாமதமின்றிப் பணம் கொடுத்தல் என்பனவே உதவி. மறுமொழிக்கு இரண்டாண்டு காத்திருக்கும் சிறு தொழிலகம் விடை வருமுன்னே மூடப்படலாம். அன்றேல் அதன் கருவி பிறநாட்டுக்குப் போய்ச்சேரலாம்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. உலையிற் பிறந்த வாள் எவர் கையில், எதற்காக உயர்கிறது என்று கேட்கும் உரிமை, அதற்குப் பணம் கொடுத்த மக்களுக்கு உண்டு. போரின் துயரைக் கண்ட நாட்டவராகிய நமக்கு அவ்வினாவின் பாரம் தெரியும். ஆதலின் விலையையும் தரத்தையும் சோதிக்கும் அரசாங்கம், பயன்பாட்டையும் மக்கள்மன்றத்தின் முன் சோதனைக்கு வைத்தல் வேண்டும். கொழுவைத் தீட்டும் கொல்லன் வாழ்வதற்கும், வாள் வரம்பு கடவாதிருப்பதற்கும் அதுவே வழியாகும்.