"உனக்கு ஆட்டம் தெரியுமா?"

பிள்ளையார்பாளையத்தில் கோர்வைப் புடவை நெய்யும் வீடு ஒன்றில் நுழைந்து பாருங்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டையும் கோத்து நெய்ய ஓர் ஆள் போதாது. தறியில் இருப்பவருக்கு மறுகரையில் நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றிக் கொடுப்பது பெரும்பாலும் வீட்டு அம்மாள். ஆனால், "யார் நெய்தது?" என்று கேட்டால், "எங்க வீட்டுக்காரர்" என்றுதான் பதில் வரும். பெண்ணுக்கு வேலை உண்டு. 'வேலை தெரிந்தவள்' என்ற பெயர்தான் கிடைப்பதில்லை.

படித்துப் பட்டம் பெற்றால் அந்தப் பெயர் வந்துவிடும் என்கிறீர்களா? லண்டனில் ஒரு டாக்டரம்மாளுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

ஈவா கார்னெய்ரோ என்பது அவர் பெயர். 2009-ல் புகழ்பெற்ற செல்ஸீ கால்பந்துக் குழுவில் சேர்ந்து, பின்னர் அதன் முதல் அணிக்கே டாக்டரானார். ஆண்கள் அணிக்குப் பெண் டாக்டர்! அவர் மைதானத்தில் இறங்கினால் ஆபாசமாகக் கூச்சலிட்ட ரசிகர்களும் உண்டு.

2015 ஆகஸ்டு 8. ஸ்வான்ஸீ அணியோடு ஆட்டம். இரு பக்கமும் இரண்டு கோல். செல்ஸீயின் கோல் காப்பாளர் ஏற்கெனவே வெளியேற்றப்பட்டதால் பத்துப் பேர்தான் பாக்கி. ஆட்டம் முடியும் தறுவாயில் ஏடன் ஹசார்ட் கீழே விழுந்தார். நடுவர் கைகாட்டி அழைத்தார். டாக்டரும், பிஸியோதெரபிஸ்ட் ஒருவரும் ஓடினார்கள். வைத்தியம் பெற்ற ஆட்டக்காரர் சற்று நேரம் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. பத்து, ஒன்பதாயிற்று!

மானேஜர் ஜோஸே மொரின்ஹோவுக்குக் கோபம் பொங்கியது. வைத்தியம் செய்கிறவர்களுக்கும் ஆட்டம் புரிய வேண்டும், இவர்கள் விவரமில்லாமல் அவசரப்பட்டார்கள் என்று நிருபர்களிடம் குறை சொன்னார்.

விழுந்தவர் சும்மா கிடக்கிறாரா, எலும்பு முறிந்து துடிக்கிறாரா என்று பெஞ்சியில் இருந்தபடியே சொல்ல எந்த டாக்டரால் முடியும்? டாக்டருக்கு எஜமானர் நோயாளி அல்லவா? கோல் கணக்கா எஜமானர்?

ஆட்ட நாட்களில் அணியோடு இருக்கும் பொறுப்பு அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. கூட ஓடிய ஆணுக்கும் அதே தண்டனைதான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால், பெண் என்பதற்காக ஏச்சும் கேட்டவர் இவர் ஒருவரே. செப்டம்பரில் வேலையை விட்டார். மொரின்ஹோ தம்மை இழிவாக ஏசினார் என்ற புகாரைக் கால்பந்துச் சங்கம் விசாரித்து, குற்றமில்லை என்றது. தம்மிடம் வாக்குமூலமே வாங்கவில்லை என்றார் டாக்டர்.

அவர் ஓயவில்லை, வழக்காடினார். 2016 ஜூனில் சமரசம் ஏற்பட்டது. அன்று அவர் ஆட்ட விதிப்படியும், டாக்டரின் கடமைப்படியும்தான் நடந்தார் என்று செல்ஸீ ஒப்புக்கொண்டு, அவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டது. மானம் திரும்பியது, அந்த வேலை திரும்பவில்லை.

சீமைக் கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். 2020 ஐ.பி.எல். பந்தயத்துக்குப் பெங்களூர் அணி நவ்நீதா கௌதம் என்ற பெண்மணியை மஸாஜ் சிகிச்சை நிபுணராக நியமித்தபோது, நம் பத்திரிகைகளில் அது பெரிய செய்தி. பெண்கள் அணிக்கு ஆண் டாக்டர் வந்தால் யாராவது செய்தி போடுகிறார்களா?

இத்தனைக்கும் நாம் பின்தங்கியவர்கள் அல்ல. லண்டன் சர்வகலாசாலை பெண்களுக்குப் பட்டம் தர இசைந்தது 1878-ல். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1875-ல், மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள். முத்துலட்சுமி ரெட்டி அங்கே தேறியது 1912-ல். கல்லூரிக் கதவு அன்றே திறந்தது. மைதானத்தின் கதவுதான் இன்னும் பாதி சாத்திக் கிடக்கிறது.

உங்கள் பெண் நாளைக்கு, "விளையாட்டு வைத்தியம் படிக்கிறேன், அம்மா" என்று வந்து நின்றால், "ஆண்பிள்ளைகள் இடத்தில் உனக்கென்ன தெரியும்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதைக் கேட்க வெளியே எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்!