சிறாரும் அறிவியல் நோக்கும்

வினாவுதல் சிறார்க்கு இயல்பு. அவ்வியல்பைப் பேணி வளர்த்தல் ஆசிரியர் கடன். 1860ஆம் ஆண்டு நத்தார் விடுமுறைக் காலத்திலே, இலண்டன் றோயல் நிறுவனத்தில், மைக்கேல் பரடே என்னும் பேரறிஞர் சிறார்க்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றத் தொடங்கினார். எடுத்துக்கொண்ட பொருள் எரியும் மெழுகுதிரியே. சுவாலையின் நடுவே கண்ணாடிக் குழாயொன்றைச் செருகி, மறுமுனையில் வெளிவந்த ஆவியைக் கொளுத்திக் காட்டினார். சுவாலையாய் எரிவது மெழுகின் ஆவியே என்பது இதனாற் புலனாயிற்று. பனிக்கட்டியும் உப்பும் இட்ட பாத்திரத்தைச் சுவாலைக்கு மேலே பிடித்தபோது அதன் அடியில் நீர்த்துளிகள் அரும்பின. நெருப்பிலிருந்து நீர் வருதல் எங்ஙனம்? மெழுகிலுள்ள ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நீராகின்றது. இவ்விடையை ஆசிரியர் முதலிலேயே உரைத்துவிடின் அது வெறும் மனனப் பாடமாய் முடியும். துளியைக் கண்டு வியந்து, காரணம் யாதென வினாவிய பின்னர்ப் பெறுமாயின், அது பிள்ளையின் சொந்த அறிவாகும்.