முதலில் விழப் பழகு

ஜூடோ வகுப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் எதிராளியைத் தோளுக்கு மேல் தூக்கிப் போடும் கனவோடு வருவார்கள். மாஸ்டரோ அவர்களை மெத்தையில் குந்த வைத்துப் பின்பக்கமாகச் சாயச் சொல்வார். சாய வேண்டும், எழ வேண்டும், மறுபடி சாய வேண்டும். நல்ல வகுப்பாக இருந்தால் பல வாரங்களுக்கு இதுதான் பாடம். நான் நாற்பது வயதுக்கு மேல் போய்ச் சேர்ந்தவன். பிறகு கற்ற வீச்சுகளில் பாதி மறந்துவிட்டது. அந்த முதல் வாரங்களில் கற்றது மட்டும் உடம்பில் தங்கிவிட்டது.

இந்த விழும் பயிற்சிக்கு ஜப்பானிய மொழியில் உகெமி என்று பெயர். ‘உகெ’ என்றால் ஏற்பது, ‘மி’ என்றால் உடல். விழுவதைப் பற்றிய பாடம், ஆனால் பெயரில் ‘விழு’ என்ற சொல்லே கிடையாது. ஏற்கும் உடல் என்றுதான் சொல்கிறார்கள். தற்காப்புக் கலை வாழ்க்கைக்கு என்ன கற்றுத்தருகிறது என்று யாராவது கேட்டால், இந்த ஒரு சொல்லிலிருந்துதான் நான் தொடங்குவேன்.

கால் இடறியதும் கையை நீட்டித் தரையில் ஊன்றப் பார்ப்பது மனித இயல்பு. அப்போது மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்குகிறது. மணிக்கட்டு முறிகிறது, அல்லது அடி தோள் வரை ஏறிக் காறை எலும்பு முறிகிறது. உகெமி இந்தப் பழக்கத்தை மாற்றுகிறது. தாடையை நெஞ்சோடு ஒட்ட வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. முதுகை வளைத்து உருள வேண்டும். உள்ளங்கையிலிருந்து மேல் கை வரை முழுக் கையாலும் மெத்தையை ஓங்கி அறைய வேண்டும். மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும். ஒரே புள்ளியில் இறங்கவிருந்த அடி இப்போது உடம்பின் பெரிய பரப்பில் பிரிந்து போகிறது. விழுந்த உயரமும் அதேதான், உடம்பின் எடையும் அதேதான். வாங்கிக்கொண்ட விதம்தான் வேறு. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் முதியோருக்கான பயிற்சித் திட்டம் ஒன்றில், இடுப்பெலும்பு முறியாமல் இருக்கத் தற்காப்புக் கலைகளின் விழும் முறைகளைச் சொல்லித்தருகிறார்கள்.

ஜூடோவை உருவாக்கியவர் ஜிகோரோ கானோ. 1860இல் பிறந்தவர், சிறிய உடம்பு. பள்ளியில் வலுத்த பையன்களிடம் அடிபட்டதால்தான் பழைய ஜுஜுட்சு ஆசான்களைத் தேடிப் போனார். 1882இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில் கோடோகன் பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. பயிற்சி அறையில் விரிக்கப்பட்டிருந்தவை 12 பாய்கள், முதல் ஆண்டின் மாணவர்கள் 9 பேர்.

‘ஜூ’ என்றால் இளக்கம், வளைந்து கொடுப்பது. இதைக் கானோ ஒரு கணக்காகவே சொல்லிக் காட்டியிருக்கிறார். எதிரில் நிற்பவனின் பலம் 10, என் பலம் 7 என்று வைத்துக்கொள்வோம். அவன் முழு மூச்சாகத் தள்ளும்போது நான் எதிர்த்து நின்றால் தோற்பேன். அவன் தள்ளும் அளவுக்கு நான் நிலை தவறாமல் பின்வாங்கினால் அவன் முன்னால் சரிவான். நிலைகுலைந்தவனின் பலம் 3 ஆகிவிடும். என்னிடம் 7 அப்படியே இருக்கும். அதில் பாதியைச் செலவிட்டாலே போதும்.

இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, எதற்கும் வளைந்து கொடுப்பதே ஜூடோ என்று நினைக்கிறவர்கள் உண்டு. கானோவே அதைத் திருத்தினார். பின்னாலிருந்து ஒருவன் இறுகக் கட்டிப் பிடித்தால் எங்கே வளைவது? அங்கே நேரடியாக வலுவைக் காட்டித்தான் ஆகவேண்டும். அதனால் இளக்கத்தைவிடப் பெரிய கொள்கையாக அவர் வைத்தது ‘செய்ரியோகு சென்யோ’, அதாவது இருக்கும் ஆற்றலை அந்த நேரத்துக்கு எது பயன் தருமோ அதில் செலவிடுவது. ஏற்றுக்கொள்வது என்றால் அடங்கிப்போவது என்று நம் ஊரில் ஒரு பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘எல்லாம் தலைவிதி’ என்று உட்கார்ந்துவிடுவதற்கும் உகெமிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. விழுந்தவன் கையை அறைந்த வேகத்திலேயே எழுந்து நிற்க வேண்டும் என்பதும் அந்தப் பாடத்தில் ஒரு பகுதி.

இன்னொன்றும் உண்டு. கழுத்துப் பிடியிலோ கைமூட்டுப் பிடியிலோ சிக்கிவிட்டால் எதிராளியின் உடம்பிலோ மெத்தையிலோ இரண்டு முறை தட்ட வேண்டும். ‘தோற்றேன், விடு’ என்று பொருள். உடனே விட்டுவிடுவார்கள். இருவரும் எழுந்து மறுபடி பிடிப்பார்கள். ஒரு மாலையில் பத்து முறை தட்டியிருக்கிறேன். தோல்வியை வாயால் ஒப்புக்கொள்ளவே முடியாமல் வளர்ந்த எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது. முதல் வாரம் தட்டும்போது கன்னம் எரிந்தது. மூன்று மாதத்தில், தட்டியவுடன் எங்கே தவறவிட்டேன் என்று மட்டும் யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

அப்பா பக்கவாதத்தில் படுத்த ஆண்டு இந்தப் பழக்கம் எனக்கு வேறு விதத்தில் கைகொடுத்தது. துக்கம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ‘ஏன் எங்களுக்கு’ என்று முட்டிக்கொண்டிருந்த மனம் சில நாட்களில் ‘இந்தப் பாரத்தை எப்படிப் பிரிப்பது’ என்று கேட்கத் தொடங்கியது. இரவுக் காவல் தம்பிக்கு, மருந்துக் கணக்கு அக்காவுக்கு, குளிப்பாட்டுவது எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். ஒரே மணிக்கட்டில் முழு எடையும் இறங்கவில்லை.

இந்தக் கலையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானியப் பள்ளிகளில் 1983 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஜூடோவில் இறந்திருக்கிறார்கள். தலைக்காயம்தான் பெரும் காரணம், பலர் சேர்ந்த முதல் ஆண்டிலேயே இறந்தவர்கள். சரியாக விழப் பழகாத பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப வீசியதும், தலை வலிக்கிறது என்றவர்களைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னதும் இதில் அடக்கம். ஏற்பதைக் கற்றுத்தர வந்த கலையை வெறும் சகிப்பாக்கியதன் விலை அது.

உங்கள் பிள்ளையை ஜூடோ, கராத்தே, எந்த வகுப்பில் சேர்ப்பதாக இருந்தாலும், முதல் மாதம் இரண்டு மூன்று நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். விழச் சொல்லித்தருகிறார்களா, பிள்ளை தட்டியதும் பிடியை விடுகிறார்களா, தலை சுற்றுகிறது என்றால் உட்கார வைக்கிறார்களா என்று கவனியுங்கள். இல்லையென்றால் அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.