புரதப் படிகமும் படிகம் என்னும் சொல்லும்

படிகம் என்னும் சொல் நெடுங்காலமாகக் கல்லையே குறித்து வந்தது. வடசொல்லின் திரிபாகிய அதனையோ, பளிங்கு என்பதனையோ கேட்ட அளவில் வன்மையும் தெளிவுமே நம் நெஞ்சில் தோன்றும். அறிவியலார் கருதுவதோ வன்மையன்று. அணுக்களேனும் மூலக்கூறுகளேனும் முத்திசையிலும் ஒரே முறையாக அடுக்குண்டு நிற்கும் ஒழுங்கேயாம். இவ்வேறுபாட்டை மறந்தார்க்குப் புரதப் படிகம் வயப்படாது என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

தனியொரு புரத மூலக்கூறு சிதறச் செய்யும் எக்ஸ் கதிர் மிகச் சிறிது. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒழுங்குற நின்றால், அச்சிதறல்கள் தம்முள் கூடி வலுப்பெற்றுப் படத்தில் புள்ளிகளாகப் பதியும். அப்புள்ளிகளின் செறிவை அளந்தே மூலக்கூற்றின் வடிவத்தை உய்த்துணர்கின்றனர். எனவே, ஒழுங்கு குலைந்தால் படமும் குலையும்.

1934ஆம் ஆண்டிற்குமுன் புரதப் படிகங்களிலிருந்து நல்ல படம் கிடைத்திலது. அவ்வாண்டில், சுவீடன் நாட்டு உப்சாலாவில் பிலிப்பாட்டு என்பார் பெப்சின் கரைசலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் பனிச்சறுக்கு ஆடச் சென்றார். மீண்டு வந்து நோக்கியபோது இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள படிகங்கள் விளைந்திருந்தன. அவை தாய்க்கரைசலோடு ஒரு நண்பரின் சட்டைப்பையில் கேம்பிரிட்சு சேர்ந்தன. ஆண்டுப் பெர்னால், படிகத்தை வெளியே எடுத்தால் அதன் ஒழுங்கு அழிதலைக் கண்டார். கரைசலோடு நுண்ணிய கண்ணாடிக் குழாயில் அடைத்துக் கதிரைச் செலுத்தினார். புள்ளிகள் தெளிவாகப் பதிந்தன. டாரதி கிரவுஃபுட்டும் அவரும் இதனை வெளியிட்டனர். காரணம் யாதெனின், புரதப் படிகத்தில் ஏறக்குறையப் பாதி நீரே. பெரிய மூலக்கூறுகள் சிற்சில இடங்களில் மட்டும் ஒன்றையொன்று தொட்டு நிற்க, இடைவெளியெல்லாம் நீரால் நிரம்பியுள்ளது. 'படிகத்தை உலர்த்தி' என ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுதுவாராயின், சொல்லின் பழம்பொருளே அவரை வழுக்கியது எனலாம்.

இனி வளர்க்கும் முறை. புரதக் கரைசலோடு உப்புக் கரைசலைச் சம அளவு கலந்த துளியொன்றைக் கண்ணாடி வில்லையில் தொங்கவிட்டு, கீழே அதே உப்புக் கரைசலைக் கலவாமல் வைத்து மூடுவர். துளியின் நீர் ஆவியாகிக் கீழே சேரச் சேர, துளி மெல்ல மீதெவிட்டு நிலையை அடையும். விரைந்து அடையின், மாவுபோன்ற வீழ்படிவே மிஞ்சும். கரு தோன்றுதற்கு வேண்டும் செறிவு மிகுதி. தோன்றிய கரு வளர்தற்கு அத்துணை வேண்டா. மிகுந்த செறிவில் எண்ணற்ற கருக்கள் தோன்றி யாவும் சிறுத்துப்போம். ஆதலின், முன்னர் விளைந்த படிகத்தை நொறுக்கி, அதன் துகளைச் செறிவு குறைந்த துளியில் இடுவர். இதனை வித்திடல் என்கின்றோம். கலைச்சொற்களுள் இத்துணைப் பொருத்தமாக அமைந்தவை சிலவே.

துளியைத் திருத்துவதோடு பணி முடிவதன்று. புரதத்தையே திருத்தல் வேண்டும். சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருட்டிணன் குழுவினர், இரைபோசோமின் 30எஸ் என்னும் சிறு கூற்றை ஆராய்ந்தபோது, அதில் தளர்வாகப் பிணைந்த எஸ்1 என்னும் புரதத்தை முன்னரே நீக்கினர், படிகங்கள் சிறந்தன. அக்கூற்றின் அணுவமைப்பு 2000இல் வெளிவந்தது. 2009இல் அவர் நோபல் பரிசைப் பிறர் இருவரோடு பகிர்ந்து பெற்றார்.

விளைந்த படிகத்திற்கும் இடர் உண்டு. எக்ஸ் கதிரே அதனைச் சிதைக்கும். அதனைக் குறைக்க மிகக் குளிர்விக்கின்றனர். உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாயின் அடுக்கு உடையும். அதனால், கிளிசரால் போன்றதொன்றைச் சேர்த்து நொடிப்பொழுதில் உறையச் செய்கின்றனர். நீர் அப்போது கட்டியாகாமல் கண்ணாடிபோல் ஒழுங்கின்றி உறைகின்றது. புரதத்தின் ஒழுங்கு நிலைபெற, அதனைச் சூழ்ந்த நீர் ஒழுங்கு பெறாதிருத்தல் வேண்டும்.